ஏழாவது ஊசி

காலை எட்டரை மணி இருக்கும். கதவைத் தட்டியது தன் புருஷன்தான் என்று காந்தாவுக்கு உடனே தெரியவில்லை. மூக்குவரை துண்டைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, யாரோ துரத்தி வருவதுபோலத் தெருவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி நின்றிருந்தான். கண்களைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

“இன்னாங்க, இன்னும் மூணு நாள் இருக்குது இல்ல? அதுக்குள்ள அனுப்பிச்சிட்டாங்களா?”

 பரசுராமன் அவளைத் தாண்டி உள்ளே போய்த் தறிக்குழியின் விளிம்பில் உட்கார்ந்து துண்டை அவிழ்த்தான். காந்தா ஓரடி பின்னால் போய்விட்டாள்.

இடது கன்னம் கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருந்தது. வாயை மூட முடியாமல் எச்சில் வழிந்துகொண்டிருந்தது. உதட்டோரத்தில் கறுப்பு நூல்கள் கொத்தாக வெளியே வந்து, கன்னத்தில் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தன. பிளாஸ்திரியின் ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது.

பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிறவன் பரசுராமன். முப்பத்துநாலு வயது. பதினைந்து வருஷமாகப் புகையிலையை நாக்கின் இடது பக்கம் அடக்கிக்கொண்டே நெய்து பழகியவன். அந்தச் சித்திரையில் அதே இடத்தில் ஒரு புண் வந்தது. ஐப்பசி வரைக்கும் ஆறவில்லை. மெட்ராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுப் புற்று என்றார்கள். நாக்கை வெட்டாமலே பார்க்கலாம், புண்ணைச் சுற்றி நூல் கோத்த ரேடியம் ஊசி ஏழு குத்தி ஒரு வாரம் விட்டால் புண் கருகிவிடும் என்றும் சொன்னார்கள். சேர்த்த அன்று காந்தாதான் கூட இருந்தாள். ஆனால் வார்டு வாசலிலேயே ஒரு நர்ஸ் அவள் வயிற்றைப் பார்த்துவிட்டாள்.

“எத்தனை மாசம்?”

“அஞ்சு.”

“நீ இங்க நிக்கவே கூடாது. ஊருக்குப் போ. முடிஞ்சதும் சொல்லி அனுப்புறோம்.”

ஏன் நிற்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தையை நான்கு நாளாக வயிற்றில் கட்டிக்கொண்டு திரிந்தாள் காந்தா.

இப்போது பரசுராமன் சுவரிலிருந்த காலண்டரில் ஒரு தாளைக் கிழித்துப் பென்சிலால் எழுதினான். 

ஓடி வந்துட்டேன். அங்கே யாரும் கிட்ட வரதில்லை. ஈயத் தட்டிக்குப் பின்னாடி நின்னு பேசறாங்க. கஞ்சியை வெச்சிட்டு ஓடறாங்க. பக்கத்துக் கட்டில் ஆளை நேத்து சாயந்திரம் போர்வை மூடித் தூக்கிப் போனாங்க. திரும்பி வரலை. செத்தா இங்கேயே சாவறேன்.

விடிவதற்கு முன்னால் காவல்காரன் டீ குடிக்கப் போன நேரத்தில் பின் கேட் வழியாக நழுவி, முதல் பஸ்ஸில் ஏறி வந்திருக்கிறான். பஸ்ஸில் எல்லாரும் கன்னத்தையே பார்த்தார்கள். அதனால்தான் பிளாஸ்திரியைப் பிய்க்கப் பார்த்தான். வலி தாங்காமல் பாதியில் விட்டுவிட்டான்.

காந்தாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. திரும்பக் கொண்டுபோய் விடுவதா? அவன் கண்களைப் பார்த்தால் அந்தப் பேச்சை எடுக்க வாய் வரவில்லை. நொய்க் கஞ்சியை நீர்க்கக் கரைத்துப் பாலாடைச் சங்கில் எடுத்து வந்தாள். வலது ஓரமாக ஊற்றினாள். இரண்டாவது வாய் புரையேறிவிட்டது. முகம் நீலம் பாய்கிற மாதிரி இருமினான். துண்டில் ரத்தமும் கோழையுமாக விழுந்தது. முதுகைத் தடவித் தடவி அவனை உள் அறையில் பாய் விரித்துப் படுக்கவைத்தாள். நாலு நாள் தூங்காதவன், படுத்ததும் அடங்கிப் போனான்.

துண்டைக் கொல்லையில் வாளித் தண்ணீரில் ஊறப் போட்டுவிட்டு வந்து தறிக்குழிப் பக்கம் பெருக்கும்போதுதான் அது கண்ணில் பட்டது. தறியில் கட்டிய பாவு இழைகளுக்கு அடியில், சாணம் மெழுகிய தரையில், வெள்ளி மாதிரி மங்கலாக மின்னும் ஒரு ஊசி. சுண்டு விரல் நீளம்கூட இல்லை. சாதாரண ஊசியைவிடத் தடி. ஒரு முனை கூர், மறுமுனையில் காது. காதில் கறுப்பு நூல்.

தறி வீட்டில் ஊசி கீழே கிடந்தால் எடுக்காமல் விடமாட்டார்கள். பாவில் மாட்டினால் நூறு இழை போய்விடும். யோசிக்காமல் எடுத்தாள். எடுத்த பிறகுதான் நூலைப் பார்த்தாள். பட்டு. முறுக்கேற்றின நல்ல பட்டு. அவன் வாயோரத்தில் பார்த்த அதே நூல்.

இருமலில் விழுந்திருக்கிறது. அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்தால் இன்னும் கலவரமாகிவிடுவான். ஆஸ்பத்திரிச் சாமான், பத்திரமாகத் திருப்பிக் கொடுக்கவேண்டும். இப்படி நினைத்த காந்தா அதைத் தண்ணீரில் அலசித் துடைத்தாள். எங்கே வைப்பது? மாடத்தில் வைத்தால் எலி தள்ளிவிடும், பெட்டியில் வைத்தால் மறந்துபோகும். அவள் தாலிச் சரட்டில் எப்போதும் இரண்டு ஊக்கு தொங்கும். அவற்றின் பக்கத்தில், அறுந்த இழையை முடிகிற நெசவு முடிச்சாகப் போட்டு ஊசியையும் கட்டி ரவிக்கைக்குள் விட்டுக்கொண்டாள். அது சுடவில்லை. கனக்கவில்லை. ஒரு வாசனையும் இல்லை. கொஞ்ச நேரத்தில் அது அங்கே இருப்பதே அவளுக்கு மறந்துவிட்டது.

அப்போது மணி பத்து.

மாலை நாலு மணிக்குப் பக்கத்து வீட்டுச் சிட்டிபாபு ஓடிவந்தான். வீட்டில் தெலுங்கு பேசுகிற நெசவாளி. பரசுராமனோடு ஒரே முதலாளிக்கு நெய்கிறவன். அண்ணி முறை வைத்துக் காந்தாவை வதினா என்பான்.

“வதினா, முனையில ஆஸ்பத்திரி வண்டி வந்துக்கீது. அண்ணன் பேரச் சொல்லி வூடு வூடா கேக்கறாங்க. மத்தியானத்துலேர்ந்து சுத்தறாங்களாம். இந்தப் பாளையத்துல எத்தினி பரசுராமன்!”

அவன் முடிப்பதற்குள் தெருவில் குரல் கேட்டது. வண்டி டிரைவர் வீராசாமி, வெயிலில் அலைந்த கோபத்தில் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தான்.

“சர்க்கார் சொத்துய்யா அது! வாயில வெச்சிக்கினு ஓடியாந்துட்டான். போலீசுல எழுதிக் குடுத்தாச்சு. ஒரு ஊசி குறைஞ்சாலும் ஆள உள்ள தள்ளிடுவாங்க!”

காந்தாவின் கை தன்னால் நெஞ்சுக்குப் போனது. ஒரு ஊசி குறைஞ்சாலும். குறைந்துதானே இருக்கிறது! நோயாளி என்றுகூடப் பார்க்காமல் இழுத்துப் போய்விடுவார்களா?  ஊசியை அவிழ்த்து அவன் பாய் மேல் போட்டுவிடலாம் என்று உள்ளே திரும்பினாள். அதற்குள் வாசலில் ஆள் வந்துவிட்டது.

வந்தவள் ஒரு பெண். இருபத்தேழு வயது இருக்கும். மூக்குக் கண்ணாடி, மெல்லிய பருத்திப் புடவை, தோளருகே ஊக்கால் குத்திய சின்ன அட்டை ஒன்று. தோளில் வாரில் தொங்கிய சாம்பல் நிறப் பெட்டியிலிருந்து டிக், டிக் என்று சத்தம் வந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் ரேடியம் அறையின் பொறுப்பு அவளுடையது. பெயர் ஹேமாம்புஜம். இதே ஊர்க்காரிதான், சின்னக் காஞ்சிபுரம். ஊர் தெரிந்தவள் என்றுதான் அவளை அனுப்பியிருந்தார்கள்.

“பரசுராமன் எங்கே இருக்கார்? யாரும் கிட்ட வராதீங்கோ. எல்லாரும் தெருவுக்கு அந்தப் பக்கம் போயிடுங்கோ.”

வாசலில் கூடியவர்கள் சிதறினார்கள். ஹேமாம்புஜம் உள் அறைக்குள் காலை வைத்ததும் அந்தப் பெட்டியின் சத்தம் மாறியது. டிக் டிக் என்றது ஓட்டுக் கூரையில் பெருமழை அடிக்கிற மாதிரி ஆகிவிட்டது. தூங்கிக்கொண்டிருந்த பரசுராமன் அலறியடித்து எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

“பயப்படாதீங்கோ. உங்களுக்கு ஒண்ணும் செய்ய மாட்டேன். வாயை மட்டும் திறங்கோ.”

கை நீட்டித் தூரத்திலிருந்தே டார்ச் அடித்து நூல்களை எண்ணினாள். ஒரு முறை எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். டார்ச் வெளிச்சம் அவன் கன்னத்தில் ஆடத் தொடங்கியது. காந்தா அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு நேரம் அதட்டலாகப் பேசினவளின் முகத்தில் ரத்தமே இல்லை. இந்தப் படித்த பெண்ணே பயப்படுகிறாள்!

“ஆறுதான் இருக்கு” என்றாள் ஹேமாம்புஜம். “ஒண்ணு எங்கே?”

பரசுராமன் தெரியாது என்று தலையை ஆட்டினான். அவனுக்கு உண்மையிலேயே தெரியாது.

“நீங்க பாத்தேளா? சின்னதா, நூல் கோத்தது?”

“இல்லீங்கம்மா” என்றாள் காந்தா.

 வெளியே வீராசாமி இன்னும் போலீஸ் போலீஸ் என்று பேசிக்கொண்டிருந்தான்.

ஹேமாம்புஜம் முதலில் பரசுராமனை வண்டியில் ஏற்றச் சொன்னாள். வண்டியின் பின் பக்கத்தில் ஈயத் தகடு அடித்த தடுப்பு இருந்தது. அதற்கு அப்பால் அவனைப் படுக்கவைத்தார்கள். அவன் போகமாட்டேன் என்று முரண்டவில்லை. ஆறுதான் இருக்கிறது என்று கேட்டதிலிருந்து அவனும் அரண்டுபோயிருந்தான்.

“நீங்க கொல்லைப் பக்கம் போய் நில்லுங்கோம்மா” என்று காந்தாவிடம் சொல்லிவிட்டு ஹேமாம்புஜம் தேட ஆரம்பித்தாள். ரேடியத்தின் அருகில் சத்தம் கூடும் அந்தப் பெட்டியிலிருந்து நீண்ட குழலைக் கையில் பிடித்துத் தறிக்குழிக்குள் இறங்கினாள். பாவின் அடியில் பார்த்தாள். பாயை உதறினாள். அடுப்புச் சாம்பலைக் கிளறினாள். தேடிக்கொண்டே, தனக்குத்தானே பேசுகிறவள் மாதிரி வாய்விட்டுச் சொன்னாள்.

“பல்லவ ராஜா காலத்துல இந்த ஊர்ல இப்படி ஒரு ஊசி விழுந்திருந்தா, இன்னிக்கும் பாதிக்கு மேல வேகம் அப்படியே இருக்கும். ஆயிரத்து அறுநூறு வருஷம் ஆகும், பாதியாகறதுக்கே. சாக்கடையில போச்சுன்னா யாரு எடுப்பா, எந்தக் குழந்தை எடுக்கும்…”

கொல்லையில் துணி துவைக்கிற கல்லருகே நின்ற காந்தாவுக்கு அது காதில் விழுந்தது. பாதி புரிந்தது. பாதி புரியவில்லை. நெஞ்சில் தொங்குவது பொல்லாதது என்பது மட்டும் புரிந்தது. இப்போது சொல்லிவிடலாமா? சொன்னால், ஏன் முதலில் பொய் சொன்னாய் என்பார்களே. திருடி வைத்தாள் என்று அவளையும் சேர்த்து எழுதிவிட்டால்?

ஹேமாம்புஜம் கொல்லைக்கு வந்தாள். பெட்டி சடசடத்தது. அவள் நேராக வாளிக்குப் போனாள். ஊறிய துண்டை நீள இடுக்கியால் தூக்கி உதறினாள். இல்லை. சாக்கடைக் குழியைக் குச்சியால் கிளறினாள். சத்தம் மட்டும் குறையவே இல்லை. சாக்கடையில்தான் போயிருக்கிறது என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். அதைப் பார்க்கச் சகிக்காமல் காந்தா மெதுவாக நகர்ந்து சமையற்கட்டுக்குள் போய்விட்டாள்.

கொல்லையில் சத்தம் நின்றது.

ஹேமாம்புஜம் நிமிர்ந்தாள். குழலைச் சாக்கடைமேல் நீட்டினாள். எப்போதாவது ஒரு டிக். கல்லின் மேல் நீட்டினாள். வாளியின் மேல் நீட்டினாள். ஒன்றுமில்லை.

“இப்போதானே இங்கே…”

சொல்லிக்கொண்டே அவள் திரும்பினாள். குழலின் முனை சமையற்கட்டு வாசலை நோக்கித் திரும்பியது. சத்தம் எழும்பியது. ஓரடி முன்னால் வந்தாள். இன்னும் எழும்பியது. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்ற காந்தாவையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அம்மா,” என்றாள் மிகவும் தணிந்த குரலில், “அது உங்ககிட்ட இருக்கு.”

காந்தா அழுதுவிட்டாள். “திருடலீங்கம்மா. பத்திரமா திருப்பிக் குடுக்கத்தான் முடிஞ்சி வெச்சேன். சாமி சத்தியமா. போலீசு அவர இட்டுக்கினு பூடுவாங்கன்னுதான்…”

“எங்கே?”

காந்தா ரவிக்கைக்குள்ளிருந்து சரட்டை இழுத்து வெளியே விட்டாள். மஞ்சள் சரட்டில் தாலிக்கும் ஊக்குகளுக்கும் நடுவில் ஊசி ஆடியது.

“எவ்வளவு நேரமா?”

“காலையில பத்து மணிலேர்ந்து.”

ஹேமாம்புஜம் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்தாகப் போகிறது. அப்போதுதான் அவள் கண் காந்தாவின் வயிற்றில் நின்றது. 

“கழட்டுங்கோ. விரலால ஊசியைத் தொடாதீங்கோ. சரட்டோட கழட்டிக் கீழே போட்டுட்டுத் தள்ளி வந்துடுங்கோ.”

காந்தா அசையவில்லை. தாலியைக் கழட்டுவதா? புருஷன் வண்டிக்குள் வாயில் ஊசியோடு கிடக்கும்போது, வெள்ளிக்கிழமையும் அதுவுமாக? வேறு எது சொன்னாலும் செய்திருப்பாள். இரண்டு கையாலும் சரட்டைப் பற்றிக்கொண்டு தலையை ஆட்டினாள்.

“நூலை மட்டும் அறுத்துடுங்கம்மா. இத மாத்திரம் கழட்டச் சொல்லாதீங்க.”

ஹேமாம்புஜம் நீள இடுக்கியை நீட்டி முடிச்சைப் பிடிக்கப் பார்த்தாள். நெசவு முடிச்சு, இறுகிப் போயிருந்தது. இடுக்கி வழுக்கியது. இரண்டாம் முறையும் வழுக்கியது. பெட்டி விடாமல் அடித்துக்கொண்டே இருந்தது.

“கேளுங்கோம்மா. அது உங்க மேல இருக்கற ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு. அதுலேர்ந்து கண்ணுக்குத் தெரியாத கதிர் வந்துண்டே இருக்கு. ராத்திரி பகல் கிடையாது, நிறுத்த முடியாது. நாம செய்யக்கூடியது தள்ளிப் போறது ஒண்ணுதான். ஓரடியில நாலு பங்குன்னா ரெண்டடியில ஒரு பங்கு. பத்தடி போயிட்டா பெரிசா ஒண்ணும் இல்லை. உங்களுக்காக இல்லேன்னாலும் உள்ளே இருக்கற உயிருக்காகக் கழட்டுங்கோ.”

காந்தா கண்ணை மூடிக்கொண்டாள். காமாட்சி பேரை ஒரு தரம் சொல்லிச் சரட்டைத் தலை வழியாக எடுத்தாள். சமையற்கட்டில் கவிழ்த்திருந்த பித்தளைத் தட்டின் மேல் அதை வைத்துவிட்டு, தள்ளாடிக்கொண்டு தறிக்கூடத்துக்கு ஓடினாள். வெறுங்கழுத்தைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஹேமாம்புஜம் கை நீட்டி, நீளக் கத்தரியால் பட்டு நூலை நறுக்கினாள். ஊசியை இடுக்கியால் தூக்கி ஈயக் குப்பிக்குள் போட்டு மூடினாள். மழைச் சத்தம் சட்டென்று ஓய்ந்தது. பிறகு, ஊசி கிடந்த தட்டையும் சரட்டையும் ஈரப் பஞ்சால் துடைத்து, அந்தப் பஞ்சைக் குழலில் காட்டினாள். ஊசியில் கீறல் விழுந்து உள்ளேயிருக்கும் ரேடியம் உப்பு சிந்தியிருந்தால் வீடு முழுக்கத் தூசியாகப் பரவியிருக்கும். அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய பயம். பஞ்சுக்குப் பெட்டி சடசடக்கவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி, முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டாள்.

சரட்டை அவளே எடுத்துவந்து நீட்டினாள். காந்தா தொடப் பயந்தாள்.

“அதுல ஏறியிருக்காதா?”

“ஏறாதும்மா. விளக்குக்குப் பக்கத்துல வெச்ச சாமான் விளக்காயிடுமா? கேளுங்கோ.” பெட்டியைத் தாலியின் மேல் பிடித்தாள். டிக். கொஞ்சம் பொறுத்து இன்னொரு டிக்.

“சத்தம் வருதுங்களே!”

“இது எங்கே வெச்சாலும் வரும். மண்ணுல, கருங்கல்லுல, மேலே ஆகாசத்துலேர்ந்துகூடத் துளித்துளி வந்துண்டுதான் இருக்கு. வரதர் கோயில் மண்டபத்துல வெச்சா இதைவிட அதிகமாத் தட்டும். அது நம்மை ஒண்ணும் பண்ணாது.”

காந்தா சரட்டை வாங்கி மாட்டிக்கொண்டாள். “என் வயித்துல இருக்கறது?” என்று கேட்டாள்.

ஹேமாம்புஜம் உடனே பதில் சொல்லவில்லை. அந்தத் தாமதத்தைக் காந்தா வெகு காலம் மறக்கவில்லை.

“ஊசி நெஞ்சுல இருந்தது. குழந்தை ஒரு சாணுக்கு மேல தள்ளிக் கீழே இருக்கு. கணக்குப் போட்டா ரொம்பக் கொஞ்சம்தான் போயிருக்கும். பயப்பட வேண்டியதில்லைன்னுதான் நினைக்கறேன். ஆனா உங்க தோலுக்கு அப்படிச் சொல்ல முடியாது. பத்துப் பன்னண்டு நாள்ல அந்த இடம் சிவக்கும். அதுக்குள்ள ஒண்ணும் தெரியாது. மஞ்சள் பூசாதீங்கோ, தேய்க்காதீங்கோ. நாளைக்கே மெட்ராஸ் வந்து டாக்டர்கிட்டக் காட்டுங்கோ. இந்த வண்டியில வேண்டாம், பஸ்ஸில வாங்கோ.”

வண்டிக்கருகே போய், தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பரசுராமனிடம் அவள் பேசியது காந்தாவுக்குக் கேட்டது.

“பக்கத்துக் கட்டில்காரர் சாகலை. நாள் முடிஞ்சுதுன்னு ஊசி எடுக்கக் கூட்டிண்டு போனோம். குளிர் காலம், போர்வை போத்தினோம். இப்போ கஞ்சி குடிச்சுண்டு வேற வார்டுல இருக்கார். நாங்க கிட்ட வராதது உங்களைக் கைவிட்டதால இல்லை. உங்களுக்கு இது ஒரு வாரம். எங்களுக்கு வருஷம் முழுக்க. புண்ணைக் கொல்லற அதே கதிர் எங்களையும் கொஞ்சம் கொஞ்சமாத் தின்னும். அதை அளக்கத்தான் இந்த அட்டை.” தோளிலிருந்த அட்டையைத் தொட்டுக் காட்டினாள். “இதை முதல் நாளே உங்ககிட்ட உட்கார்ந்து சொல்லியிருக்கணும். சொல்லலை. தப்பு எங்க பேர்ல.”

வீராசாமி போலீஸ் பேச்சை விட்டிருந்தான். இன்னும் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை என்பதும் அப்போது தெரிந்தது. வண்டி கிளம்பியது.

மறுநாள் சிட்டிபாபு அவளைப் பஸ்ஸில் கூட்டிப்போனான். டாக்டர் நெஞ்சைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், ஒரு களிம்பு கொடுத்தார், காத்திருக்கச் சொன்னார். பரசுராமனுக்கு மிச்ச ஆறு ஊசியையும் இன்னும் சில மணி நேரம் கூட்டி வைத்திருந்து, குறித்த நாளில் எடுத்துவிட்டார்கள்.

அந்தக் காத்திருப்புதான் கொடுமை. தினமும் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடியில் பார்ப்பாள். ஒன்றுமிருக்காது. ஒன்றுமில்லாததே பயமாக இருக்கும். பதினோராம் நாள் காசளவு சிவந்தது. பிறகு உள்ளங்கை அளவு. பிறகு தோல் உரிந்து நீர் வடிந்தது. ரவிக்கை படாமல் துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். வயிற்றில் அசைவு கொஞ்ச நேரம் நின்றாலும், தறியை நிறுத்திவிட்டுக் கை வைத்துப் பார்ப்பாள்.

பரசுராமன் வீடு திரும்பிய பிறகும் அவளுக்கு அவனிடம் போகப் பயம். அவன் தம்ளரைத் தனியாக வைத்தாள். பாயைத் தறிக்கு அந்தப் பக்கம் போட்டாள். அவனும் அவளிடம் வரவில்லை. அவள் நெஞ்சுப் புண்ணை ஒரு தரம் பார்த்துவிட்டு, தன்னால் வந்தது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவன் பிறகு அந்தப் பக்கமே பார்க்கவில்லை. இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ் ஒருவருக்கொருவர் அஞ்சி மூன்று வாரம் இருந்தார்கள். தெருவில் வேறு பேசினார்கள். குழாயடியில் ஒருத்தி தன் குடத்தை நகர்த்தி வைத்ததைக் காந்தா பார்த்தாள். அவள்மேல் கோபம் வரவில்லை. தன் வீட்டுக்குள் தானும் அதைத்தானே செய்துகொண்டிருக்கிறாள்.

ஒரு நாள் அவன் காலண்டர்த் தாளில் எழுதி நீட்டினான். என் வாயிலே இப்ப ஒண்ணும் இல்லை. பெட்டி வெச்சுப் பாத்துதான் அனுப்பினாங்க.

காந்தா படித்தாள்.  பிறகு அவன் தம்ளரை எடுத்து, அதிலிருந்த மிச்ச மோரைக் குடித்தாள்.  பயம் போய்க் குடிக்கவில்லை. பயத்தோடுதான் குடித்தாள்.

மாசி மாதம் பெண் குழந்தை பிறந்தது. துடைத்துக் கையில் கொடுத்ததும் காந்தா விரல்களை எண்ணினாள். காதுகளைப் பார்த்தாள். வாயைத் திறந்து அண்ணத்தைப் பார்த்தாள். நர்ஸம்மாவை அழைத்து இன்னொரு தரம் பார்க்கச் சொன்னாள்.

“எல்லாம் சரியாத்தான் இருக்குதும்மா, எத்தினி தடவதான் பாப்ப?” என்று அவள் சிரித்தாள். காந்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த நாளும் எண்ணினாள்.

அவள் நெஞ்சுப் புண் ஆறி, வழவழவென்று வெளுத்த தழும்பாக நின்றது. பரசுராமனின் நாக்கு ஒரு பக்கம் விறைத்துப் போனது. ரகரமும் ழகரமும் அவனுக்குப் போயேவிட்டன. புதிதாகக் கேட்கிறவர்களுக்கு அவன் பேச்சு பாதிதான் விளங்கும். புகையிலையை அவன் பிறகு தொடவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தரம் மெட்ராஸ் போய் வாயைக் காட்ட வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் டாக்டர் விரலை விட்டு அழுத்திப் பார்க்கிற அந்த ஒரு நிமிஷம் காந்தா வெளியே பெஞ்சில் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஐந்தாவது வருஷம் டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே, இனிமேல் வருஷத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும் என்றார். காந்தா நம்பாமல் இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள். திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவள், தாம்பரம் தாண்டுவதற்குள் தூங்கிப்போனாள். வாலாஜாபாத்தில் பஸ் நின்றபோது பரசுராமன் அவளை எழுப்பவில்லை. மடியில் தூங்கும் மகளின் தலையையும் தோளில் சாய்ந்த இவள் தலையையும் தாங்கிக்கொண்டு, ஊர் வருகிறவரை அசையாமல் உட்கார்ந்திருந்தான்.